பசிக்குச் சிபாரிசுச் சீட்டு

கண்டி ரயில் நிலையத்தில் பசியோடு இறங்குவது குற்றமில்லை. சீட்டில்லாமல் சாப்பிடுவதுதான் குற்றம். இந்த வித்தியாசம் 1936ஆம் ஆண்டு பங்குனி மாதத்து ஒரு புதன்கிழமை காலை எட்டரை மணி வரைக்கும் தேவராசாவுக்குத் தெரியாது. அதற்காக அவரை நாம் குறை சொல்லக்கூடாது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

தேவராசா தபாற்கந்தோரில் பதினான்கு வருடம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். பதுளைக்கு மாற்றம் வந்திருந்தது. மனைவி இரஞ்சிதத்தையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டு, ஒரு நாள் கண்டியில் தங்கிப் போவதாக ஏற்பாடு. மூத்தவள் செல்லத்துக்கு ஆறு வயது. இளையவள் பூமணிக்கு மூன்று. பூமணி பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழும்பியவள். கஞ்சியைத் துப்பினாள், பாலைத் தட்டிவிட்டாள். கை கால் ஈர்க்காய்ப் போயிருந்தது.

புறப்படும்போது டாக்டர் ஒன்றுதான் சொன்னார். "இனி வில்லங்கப்படுத்தி வாயிலை சோறு தீத்த வேண்டாம். பிள்ளை தானாகச் சாப்பாடு கேட்கும். கேட்ட உடனை குடுங்கோ. அந்த நேரத்தைத் தவறவிட்டியளோ, பிறகு நாலைஞ்சு நாளைக்கு வாயைத் திறக்காது. இந்த உடம்பு அதைத் தாங்காது."

ரயில் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பூமணி கண்ணைத் திறந்து, "அம்மா, சோறு" என்றாள்.

இரஞ்சிதம் அழுதுவிட்டாள். தேவராசா மணிக்கூட்டைப் பார்த்தார். கண்டியில் இறங்கியதும் முதல் வேலை நல்ல சோற்றுக்கடை ஒன்றைக் கண்டுபிடிப்பது என்று புருசனும் பெண்சாதியும் முடிவு செய்தார்கள். நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் பாண் ரொட்டியும் முட்டையும் இருந்தன. பாணைக் காட்டியதும் பூமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கேட்டது சோறு.

நிலைய வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட லாபிர் என்ற குமாஸ்தா. மேசைமேல் ஆறு முத்திரைகள், மூன்று நிற மை, ஒரு வெறும் தட்டு. கண்டிப் பிரயாணிகள் போசனச் சிபாரிசுச் சபையின் வாசற்படி அதுதான். ஐந்து வருடத்துக்கு முன் எங்கோ ஒரு கனவானுக்கு எங்கோ ஒரு கடையில் சாப்பிட்டு வயிறு கடுத்ததாம். அன்றிலிருந்து ஊரார் வயிற்றுக்கெல்லாம் பொறுப்பேற்பதென்று பெரிய மனிதர் ஐவர் கூடித் தொடங்கிய சபை.

"தம்பி, பிள்ளைக்குப் பசிக்குது. நல்ல சோத்துக்கடை எங்கை இருக்கெண்டு சொன்னால் போதும்" என்றார் தேவராசா.

"சொல்லத் தெரியும் ஐயா. ஆனா வாயால சொல்லக் கூடாது. சீட்டுத்தான் எழுதணும். சீட்டில்லாதவங்களுக்குச் சோறு போட்ட கடைட பேரு சபைப் பட்டியல்ல ஒரு காலமும் வராது. அதால ஒருத்தரும் போடவும் மாட்டாங்க."

தேவராசாவுக்கு இது பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முத்திரையில்லாத கடிதம் போய்ச் சேராது என்பதை வேதவாக்காக நம்பிய மனிதர் அவர். சோற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருப்பது நல்லதுதானே என்று நினைத்துக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

நாலு பக்கப் படிவம். கடைசியாக உண்டது எப்போது? உண்டதன் காரணம் என்ன? தற்போதைய பசி சாதாரணமானதா, கடுமையானதா, பாவனையா? பிள்ளைகளின் பல் எத்தனை? தேவராசா செல்லத்தின் வாயைத் திறந்து எண்ணினார். முன்பல் ஒன்று ஆடியது. ஆடும் பல்லைப் பல்லென்று கணக்கெடுப்பதா என்று லாபிர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அரைப்பல் என்று தீர்மானமாயிற்று. இதற்குள் ஒன்பதே கால்.

பிறகு வெறுந்தட்டுப் பரீட்சை. பிள்ளையின் முன் ஒரு வெறும் தட்டை வைப்பார்கள். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்தால் அது முதலாம் வகுப்புப் பிள்ளை. அழுதால் இரண்டாம் வகுப்பு. தட்டைத் தட்டினால் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்கும் கடை கண்டியில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பூமணியின் முன் தட்டு வந்தது. அவள் தட்டைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். தட்டைத் தூக்கி அதன் அடியில் சோறு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை என்றதும் சத்தமில்லாமல் அழுதாள்.

"இப்பிடி ஒரு பரீட்சையே?" என்றாள் இரஞ்சிதம். "காய்ச்சல்காரப் பிள்ளைக்கு முன்னாலை வெறும் தட்டை வைக்கிறியளே, உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லையே?"

"மூணு ஈக்கி" என்றார் லாபிர், தலையைக் குனிந்தபடி. "அவங்களும் இரண்டாம் வகுப்புத்தான்." சத்தமில்லாத அழுகை என்பதால் ஒரு மதிப்பெண் கூட்டி, மஞ்சள் மையில் முத்திரை குத்திக் கொடுத்தார். சீட்டில் இரண்டு கடைகளின் பெயர் இருந்தது. அப்போது பத்து மணி.

முதற் கடை கொழும்பு வீதியில். பூட்டியிருந்தது. 'உபசரிப்பு' என்பது பற்றிச் சபை நடத்தும் சொற்பொழிவுக்கு முதலாளி, சமையற்காரன், பரிமாறுகிறவன் எல்லாருமாகப் போயிருப்பதாகக் கதவில் கடதாசி ஒட்டியிருந்தது. சொற்பொழிவு மூன்று நாளைக்கு.

வழியில் பட்டியலில் இல்லாத கடைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் தாளித்த மணம் வந்தது. தேவராசா படியில் கால் வைத்தால் போதும், உள்ளிருந்தவர்கள் சோற்றுப் பானையைத் துணியால் மூடினார்கள். "இந்த மாசம் எங்களைப் பட்டியல்ல சேர்க்கப் போறாங்க. சின்னப் பிள்ளையோட வந்து குழப்பிடாதீங்க" என்று ஒருவர் கை கூப்பினார்.

இரண்டாவது கடை திருகோணமலை வீதியில் மாடசாமியின் சைவக்கடை. அப்பாடா, திறந்திருந்தது. மேசைகள் பளபளவென்றிருந்தன. எதிர்ச் சுவர் முழுக்க, கண்ணாடிச் சட்டத்துக்குள், சபையின் அத்தாட்சிப் பத்திரம். மாடசாமி அதற்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. சீட்டு இருக்கா? பேஷ். என்ன சாப்பிடுறீங்க, சோடாவா, ஆரஞ்சுச் சோடாவா?"

"சோறு."

மாடசாமியின் முகம் சுருங்கியது. "சோறா? அது எப்படிங்க முடியும்? போன கார்த்திகை பதினேழாம் தேதி ஐயாமாரு வந்து சாப்பிட்டாங்க. அன்னைக்கு ஆக்கின சோத்துக்குத்தான் இந்தப் பத்திரம். மறுபடி ஆக்கினா அது வேற சோறுங்க. அது நல்லா இருக்குன்னு யாரு கண்டா? ருசி ஒரு மாத்து குறைஞ்சாலும் பத்திரத்தைக் கழட்டிருவாங்க. அதான் நாலு மாசமா அடுப்பே மூட்டல."

"அப்ப கடை ஏன் திறந்திருக்கு?" என்று கேட்டாள் இரஞ்சிதம்.

"நல்ல கடைன்னு பேரு வாங்கிட்டு மூடி வைக்க மனசு வருமா, தாயி?"

தேவராசா கோபப்படத் தெரியாதவர். அவர் தாழ்வாரத்துக்கு வந்து நாலாக மடித்த சீட்டைப் பிரித்து மறுபடி படித்தார். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: பட்டியற் கடைகளில் உணவு கிடைக்காதவிடத்து, அன்றைய தினம் பரீட்சை நடைபெறும் கடைக்குச் சென்று சபையாரிடம் முறையிடலாம். அன்றைய பரீட்சை கட்டுகஸ்தோட்டையில்.

"இஞ்சருங்கோ," என்றாள் இரஞ்சிதம், "கடுகண்ணாவையிலை இவள் சோறு எண்டு சத்தமாய்க் கேட்டவள். ஸ்டேசனிலை மெல்லக் கேட்டவள். இப்ப ஒரு மணித்தியாலமாய்க் கேக்கவே இல்லை. உங்களுக்கு விளங்குதோ?"

தேவராசாவுக்கு விளங்கியது. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். தோளில் பாரமே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஸெய்னுலாப்தீனும் அவர் மனைவி ஆஸியா உம்மாவும் ஒரு சோற்றுக்கடை வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் மாத்தளை போகும் பஸ்கள் எல்லாம் அங்கே பத்து நிமிடம் நிற்கும். சபை வந்த பிறகு பட்டியலில் இல்லாத கடையில் நிற்பதற்குச் சாரதிகள் பயந்தார்கள். இனியும் பெயர் ஏறாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று ஸெய்னுலாப்தீன் மனுப் போட்டு, எட்டு மாதம் நடந்து, இன்றைக்குத்தான் பரீட்சை நாள் வாங்கியிருந்தார்.

தேவராசா குடும்பம் போய்ச் சேர்ந்தபோது சபையார் ஐவரும் மூன்றாம் தடவை சோறு போடச் சொல்லியிருந்தார்கள். தலைவர் சவரிமுத்து முதலியார் இடுப்புப் பட்டியைத் தளர்த்தியிருந்தார். காரியதரிசி கனகசபாபதி ஒரு கையால் சாப்பிட்டு மறுகையால் குறிப்பெழுதினார்.

தேவராசா சீட்டை நீட்டி, நடந்ததைச் சொல்லி, "ஒரு பிடி சோறு போதும், ஐயா. பிள்ளைக்கு மட்டும்" என்றார்.

முதலியார் கோழித் தொடை ஒன்றை மென்று முடிக்கும் வரை எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு அவர் பேசினார். அவருக்கு உட்கார்ந்தபடி பேசத் தெரியாது, எழுந்து நின்றார்.

"நண்பரே! பசியைப் பற்றி எங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காலையில் இரண்டு கடை, மத்தியானம் மூன்று கடை என்று ஐந்து வருடமாக எங்கள் வயிற்றைப் பிரயாணிகளுக்காகவே அர்ப்பணித்திருக்கிறோம். எனக்கு நீரிழிவு. காரியதரிசிக்கு வாயு. நாங்கள் முறையிட்டோமா? சோற்றுப் பானையின் மேற்சோறு நன்றாயிருக்கும், அடிச்சோறு குழைந்திருக்கும். ஆகவே கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்வது எங்கள் விதி. தீர்ப்புச் சொல்லாத சோற்றை ஒரு பச்சைப் பாலகிக்குக் கொடுக்க என் மனச்சாட்சி இடம் தராது. இச்சபையின் சிபாரிசில் சாப்பிட்ட ஒரு பிரயாணிக்காவது இன்றுவரை வயிற்றுவலி வந்ததுண்டா? இல்லை! ஒருவருக்கும் இல்லை!"

மற்ற நால்வரும் இடது கையால் மேசையில் தட்டினார்கள்.

"அப்ப தீர்ப்புச் சொன்ன பிறகு குடுக்கலாம்தானே?" என்று தேவராசா கேட்டார்.

"தாராளமாக. ஆனால் கடைசிப் பருக்கையையும் பரீட்சித்த பிறகு மிச்சம் எப்படி இருக்கும்? சற்று யோசித்துப் பேசும்."

தேவராசா யோசித்தார். இத்தனை வருடத்தில் முதன்முறையாக ஒரு விதி அவருக்குப் பிழையாகப் பட்டது. தோளில் பூமணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சோற்று மணம் மூக்குக்கு எட்டும் தூரத்தில், அவள் சோற்றை மறக்கத் தொடங்கியிருந்தாள். சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆஸியா உம்மா வெளியே வந்தாள். வந்தவள் சபையைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"வாங்க மகள் உள்ளுக்கு" என்று இரஞ்சிதத்தின் கையைப் பிடித்தாள். "தனிச்சட்டில ஒரு பிடி சோறு எடுத்து வெச்சிருக்கேன். வழிப்போக்கர் ஆரும் வந்தா குடுக்கலாமிண்டு எந்த நாளும் வெக்கிறது. பருப்பும் ஈக்கி. மாசிக் கருவாடு போடல்ல, ஒறப்பும் இல்ல."

ஸெய்னுலாப்தீன் ஓடி வந்தார். "ஏய் ஆஸியா! சட்டியெல்லாம் மேசைக்கு வரணுமிண்டு எழுதி ஒப்பம் வெச்சிக் குடுத்தேன்டி! எட்டு மாசம் நடந்தேன்டி! அவங்க கண்டா கடை முடிஞ்சிச்சு."

"முடியட்டும்" என்றாள் அவள். "பசிச்ச புள்ளையப் பாத்துக்கொண்டு நிண்டு வாங்குற பத்திரத்தச் சட்டில போட்டு ஆக்கித் திங்கவா?"

சைவக்காரக் குடும்பம் முஸ்லிம் வீட்டுக் குசினியில் கை நனைப்பதா என்ற கேள்வி தேவராசாவின் வாய் வரை வந்தது. இரஞ்சிதம் ஒரு பார்வை பார்த்தாள். கேள்வி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

குசினிப் பாயில் உட்கார்ந்து ஆஸியா உம்மா சோற்றைப் பருப்போடு மசித்தாள். முதல் உருண்டையைப் பூமணியின் உதட்டில் வைத்தாள். பூமணி வாயைத் திறக்கவில்லை. இரஞ்சிதம் பிள்ளையாரை வேண்டினாள். ஆஸியா உம்மா "பிஸ்மில்லா" என்றாள். பூமணி நாக்கை நீட்டி நக்கிப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். இரண்டாவது உருண்டைக்கு அவளே ஆஸியா உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காரியதரிசி கனகசபாபதி கை கழுவக் குசினிப் பக்கம் வந்தார்.

"ஐயோ! மறைச்சு வைச்ச சோறு!" என்று அவர் கத்தியதில் ஐவரும் கூடிவிட்டார்கள். பரீட்சைக்கு வராத சோறு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. தீர்ப்புக்கு முன் ஊட்டல். சபையின் சரித்திரத்தில் இப்படியொரு குற்றம் நடந்ததில்லை என்று முதலியார் ஏப்பத்துக்கிடையில் அறிவித்தார். கடைக்குப் பத்திரம் கிடையாது. அது மட்டுமில்லை, இன்றிரவே ஓர் எச்சரிக்கைப் பத்திரிகை அச்சடித்து, விடியுமுன் ரயில் நிலையத்திலும் பஸ்களிலும் ஒட்ட வேண்டும். பிரயாணிகள் ஏமாறக்கூடாது.

"சாட்சி வேண்டும்" என்றார் கனகசபாபதி. "நீர் அரசாங்க உத்தியோகத்தர். நடந்ததை நீரே எழுதி ஒப்பமிட்டுத் தரவேணும். இடத்தை எவரும் தவறாமல் அறிந்து விலகும்படி முழு விலாசமும் வேணும். மறுத்தால் உமது மேலதிகாரிக்குக் கடிதம் போகும்."

ஸெய்னுலாப்தீன் வாசற்படியில் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தார். ஆஸியா உம்மா வெறும் சட்டியைக் கழுவினாள். தேவராசா அவர்களைப் பார்த்தார். தாயின் மடியில் பருப்புச் சோறு ஒட்டிய வாயோடு தூங்கிப்போன மகளைப் பார்த்தார்.

"எழுதித் தாறன்" என்றார். "ஆனால் ஒரு சொல் மாத்தாமல் அச்சடிக்க வேணும். அரசாங்க ஊழியன்ரை சாட்சியத்தைத் திருத்துறது சட்டப்படி குற்றம்." அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது. வாழ்க்கையில் அவர் சொன்ன முதற் பொய் அது. சபையார் மரியாதையுடன் தலையாட்டினார்கள்.

விலாசம் எழுதுவதில் தேவராசாவை மிஞ்ச ஆளில்லை. முத்து முத்தான எழுத்தில் எழுதினார்:

"எச்சரிக்கை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கண்டிப் பக்கமாக, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இருபது காலடி தூரத்தில், இடது கைப்புறம், நீலக் கதவுள்ள மூன்றாவது கடை. நடத்துபவர் ஸெய்னுலாப்தீன், மனைவி ஆஸியா உம்மா. இங்கே சீட்டுக் கேட்பதில்லை. பிள்ளைகளின் பல் எண்ணப்படுவதில்லை. அழும் பிள்ளைகளும் ஏற்கப்படுகிறார்கள். உறைப்பில்லாத, மாசி போடாத பருப்பு, கேட்ட உடனே மசித்துத் தரப்படுகிறது. தாய்மார் பிள்ளையை மடியில் வைத்து ஊட்டப் பின்னறையில் பாய் உண்டு. பத்து நாள் சாப்பிடாத பிள்ளை இங்கே ஒரு சட்டி சோறு சாப்பிட்டதைக் கண்ணாரக் கண்டேன். பிரயாணிகள் இவ்விடத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளவும்."

கனகசபாபதி இரண்டு தரம் வாசித்தார். "குற்றங்களை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்" என்று மெச்சினார்.

அன்றிரவு அவர்கள் பிள்ளையார் கோயில் மடத்தில் தங்கினார்கள். மறுநாள் பதுளை ரயில் பின்னேரம்தான். காலையில் பூமணி எழும்பியதும், "சோறு" என்றாள். சத்தமாகவே சொன்னாள்.

பஸ் நிறுத்தத்தில், எச்சரிக்கைப் பத்திரிகை ஒட்டிய பஸ்ஸின் படியில் நின்று நடத்துனர் கூவிக்கொண்டிருந்தான். "சபை தடுத்த கடை! சபை தடுத்த கடை! புள்ளையோட ஈக்கிறவங்க முன்னால ஏறுங்க!" பஸ்ஸில் ஒரே இடுப்புக் குழந்தைகள். குமாஸ்தா லாபிரும் இருந்தார், மூன்று பிள்ளைகளோடு, கறுப்புக் கோட்டு இல்லாமல்.

கடையில் நிற்க இடமில்லை. ஸெய்னுலாப்தீன் அரிசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் உள்ளே ஓடினார். தேவராசாவைக் கண்டதும் சாக்கோடு நின்று சிரித்தார், பிறகு சாக்கோடே அழுதார். ஆஸியா உம்மா பூமணியைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள்.

பின்னறைப் பாயில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தி நாலு பிள்ளைகளுக்கு மாறி மாறிச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நகர்ந்து இரஞ்சிதத்துக்கு இடம் விட்டாள்.

"கண்டியிலையோ இருக்கிறியள்?" என்று இரஞ்சிதம் கேட்டாள்.

"ஓம், அஞ்சு வருசம். எங்கடை ஆள்தான் அந்தச் சபைக்குக் காரியதரிசி" என்றாள் அவள், கடைசிப் பிள்ளையின் வாயைத் துடைத்தபடி. "இவ்வளவு நாளும் பிள்ளையளோடை வெளியிலை சாப்பிட ஒரு நல்ல இடம் சொல்லுங்கோ, சொல்லுங்கோ எண்டு கேட்டுக் களைச்சுப் போனன். நேற்றைக்குத்தான் மனிசன் வாய் திறந்து ஒரு விலாசம் சொன்னது."